சாதா சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றுவது: அளவெடுப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை

கிட் (சைக்கிளில் மாட்ட வேண்டிய மோட்டாரும் அதற்கான சாமான்களும் சேர்ந்த தொகுப்பு) வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பார் கழுத்தில் 'டக் டக்' என்று அடிக்கிறதா? பிரேக் பிடித்தும் சக்கரம் நழுவுகிறதா? அப்படியானால் உங்கள் முதல் செலவு மோட்டாருக்கு இல்லை, சைக்கிள் கடைக்கு.

நான் முதல் சைக்கிளை மாற்றியபோது பயந்ததெல்லாம் வயர்களைப் பார்த்துத்தான். அந்த வயர் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. என்னை இரண்டு வாரம் படுத்தியது ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) ரிம்மும் பிரேக்கும். இது முக்கால்வாசி சைக்கிள் கடை வேலை. மீதிக் கால்வாசிதான் எலக்ட்ரீஷியன் வேலை. அதனால் இந்தக் கட்டுரையிலும் நட்டு, வாஷர் பற்றிய பேச்சு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

எந்த சைக்கிள் ஒத்துவரும்?

26 இஞ்ச் சக்கரம், இரும்பு ஃபோர்க், கேபிள் பிரேக். இந்த மூன்றும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்பா காலத்து 28 × 1½ கறுப்பு சைக்கிளை மாற்றத்தான் பலருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது. ஆனால் அதில் மூன்று சிக்கல். முதலாவது, அதன் கம்பி பிரேக். மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் உள்ள லீவர்கள் கேபிளுக்காகச் செய்யப்பட்டவை, இதில் சேராது. இரண்டாவது, ஸ்போக் எண்ணிக்கை. நம் ஊர்ப் பழைய சைக்கிளில் முன் ரிம்முக்கு 32 ஓட்டை, பின் ரிம்முக்கு 40. சந்தையில் கிடைக்கும் ஹப் மோட்டார்களில், அதாவது சக்கரத்தின் நடுவில் உட்காரும் மோட்டார்களில், பெரும்பாலானவற்றுக்கு 36. அந்த அளவு ரிம் 36 ஓட்டையில் தேடினால் அலைச்சல்தான். மூன்றாவது, முன் ஃபோர்க்கின் அகலம் ஹப் மோட்டாருக்குப் போதாது. முடியாது என்று சொல்லவில்லை. முதல் சைக்கிளாக அதைத் தொடாதீர்கள்.

பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் படிப்பு முடிந்த பிறகு சும்மா நிற்கிறது. அதை எடுப்பதானாலும் பிரேக்கையும் ஓட்டை எண்ணிக்கையையும் பார்த்துவிட்டே எடுங்கள். அலுமினிய ஃபோர்க்கிலும் மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க்கிலும் முன் சக்கர மோட்டார் வேண்டவே வேண்டாம். அலுமினியம் வளைந்து எச்சரிக்காது, ஒரேயடியாக உடைந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்து, சோதனை நிறுவனம் ஒன்று அதைச் சரிபார்த்திருந்தால் அந்த வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் தேவையில்லை. மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் பெடல் உதவி சைக்கிளுக்கு நல்ல பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும் என்கிறது அதே விதி. எனவே சோதனைச் சான்று உள்ள கிட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் 500 வாட், 1000 வாட் கிட்டுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. அதைப் போட்டால் உங்களிடம் இருப்பது சைக்கிள் அல்ல, பதிவு செய்யாத மோட்டார் வண்டி. அது ஒருபுறம் இருக்கட்டும். 15 கிலோமீட்டர் வேகத்துக்கென்று செய்த பிரேக்கை நம்பி 40-இல் போகிற தைரியம் எனக்கு இல்லை.

மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது

மலிவானது, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிளாம்ப் போட்டு மாட்டி, தனிச் செயின் வழியாக ஓட்டும் 24 வோல்ட் பிரஷ் மோட்டார். கல்லூரி புராஜெக்ட் சைக்கிள்களில் பார்த்திருப்பீர்கள். சத்தம் அதிகம், செயின் அடிக்கடி கழலும், கார்பன் பிரஷ் தேயும். கற்றுக்கொள்ள நல்லது, தினமும் ஓட்ட எரிச்சல்.

சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டார்தான் சரியான வழி. இதிலும் இரண்டு வகை. டைரக்ட் டிரைவ் வகையில் உள்ளே கியர் கிடையாது. கனமானது, பேட்டரி தீர்ந்தால் மிதிக்கும்போது காந்தம் பின்னால் இழுக்கும். கியர் ஹப் வகையில் சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றி, உள்ளே இருக்கும் நைலான் பற்சக்கரங்கள் வழியாக ஹப்பைத் தள்ளும். எடை குறைவு. உள்ளேயே ஃப்ரீவீல் போன்ற கிளட்ச் இருப்பதால் மோட்டாரை அணைத்துவிட்டால் சாதா சைக்கிள் போலவே உருளும். பேட்டரி நடுவழியில் கைவிட்ட அன்று அந்த அருமை தெரியும். 36 வோல்ட், 250 வாட் கியர் ஹப் வாங்குங்கள்.

முன்னாலா, பின்னாலா? கியர் சைக்கிளில் பின் கவையின் உள் அகலம் 135 மி.மீ. இருந்தால் பின்னால் போடுவதே மேல். எடை அங்கே விழுவதால் மணலில் சக்கரம் வழுக்காது. கியர் இல்லாத நம் சைக்கிள்களில் அந்த இடம் குறுகல். ஃபிரேமை விரிக்க வேண்டியிருக்கும். அதனால் செயினையும் ஃப்ரீவீலையும் தொடாமல் முன் சக்கரத்தை மட்டும் மாற்றுவது எளிது. இங்கே நான் விவரிப்பதும் அதைத்தான்.

பேட்டரி

மொத்தச் செலவில் பாதியை விழுங்குவது இதுதான். அப்படியே விழுங்கட்டும், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கணக்கு சுலபம். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 360 வாட்-ஹவர் இருக்கும். சமதளத்தில் மோட்டாரை மட்டும் நம்பி ஓட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-ஹவர் போகும். அடிவரை உறிஞ்சாமல் 300 வாட்-ஹவர் செலவழித்தால் 20 முதல் 25 கிலோமீட்டர். கூடவே மிதித்தால் முப்பதைத் தாண்டலாம். எதிர்காற்று இதையெல்லாம் மாற்றிவிடும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான், இருந்தும் ஆடி மாதத்தில் மேற்கே பார்த்துப் போகும் நாட்களில் பேட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. முழு சார்ஜுக்கு அரை யூனிட்டுக்குள்தான் மின்சாரம் ஆகும்.

யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி மூன்றை வரிசையாகக் கட்டினாலும் 36 வோல்ட் வரும். விலை குறைவு. ஆனால் மூன்றும் சேர்ந்து ஆறேழு கிலோ. பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். லித்தியம் அயான் பேட்டரி அதைவிட அதிக சக்தியை ஏறக்குறைய பாதி எடையில் தரும். இன்னொன்று லித்தியம் அயர்ன் பாஸ்பேட். கொஞ்சம் கனம், கொஞ்சம் பெரிது, ஆனால் வெப்பத்தைத் தாங்கும், அதிக ஆண்டு உழைக்கும். நம் வெயிலுக்கு என் ஓட்டு அதற்கே.

இந்த இரண்டு வகைக்கும் சார்ஜர் ஒன்றல்ல. 10 செல் வரிசை லித்தியம் அயான் 42 வோல்ட்டில் நிறையும். 12 செல் வரிசை பாஸ்பேட் 43.8 வோல்ட்டில் நிறையும். பிளக் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மாற்றிச் செருகாதீர்கள். பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய லேப்டாப் செல்களைப் பிரித்துச் சால்டரிங் அயர்னால் ஒட்டி பேட்டரி கட்டும் வீடியோக்களைப் பார்த்து ரசியுங்கள், செய்யாதீர்கள். சால்டரிங் சூடு செல்லைக் கெடுக்கும். கடையில் அதை ஸ்பாட் வெல்டிங்கில்தான் இணைப்பார்கள்.

அளவெடுப்பது

கையில் ஸ்கேலோ வெர்னியரோ எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே உள் அகலத்தை அளங்கள். முன் ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் 100 மி.மீ. அகலத்துக்குச் செய்யப்படுபவை. ஓரிரண்டு மி.மீ. குறைந்தால் இரும்பு ஃபோர்க் கையாலேயே விரிந்து கொடுக்கும். அதற்குமேல் என்றால் கடைக்காரரிடம் விடுங்கள். அடுத்து, அச்சு உட்காரும் பிளவின் அகலம். சாதா அச்சு ஒல்லியானது. மோட்டார் அச்சு தடிமன், இரண்டு பக்கம் பட்டையாகச் சீவியிருக்கும். அந்தப் பட்டை அகலம் பெரும்பாலும் 10 மி.மீ. பிளவை அரத்தால் ராவி அந்த அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த அளவெல்லாம் எடுக்காமல் முதல் கிட்டை வாங்கிக்கொண்டு போய் நின்றவன் நான். தெருமுனைக் கடைக்காரர் மோட்டாரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சட்டை தைச்சுட்டு ஆளைத் தேடுறியா தம்பி?" என்றார்.

முடிந்தவரை ரிம், ஸ்போக்கோடு கட்டிய மோட்டார் சக்கரமாகவே வாங்குங்கள். தனி மோட்டார் வாங்கினால் ஹப் பெரிதாக இருப்பதால் பழைய ஸ்போக் நீளம் சேராது. குட்டையான, தடித்த ஸ்போக் வேண்டும். சாதா சைக்கிளில் இருப்பது 2 மி.மீ. கம்பி. மோட்டாருக்கு 2.3 அல்லது 2.6 மி.மீ. போடுவார்கள். சக்கரம் கோக்கத் தெரிந்த கைகள் ஊருக்கு ஒன்றிரண்டாவது இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் கொடுத்து, கோட்டம் எடுத்து வாங்குங்கள்.

அளவு சரியாக வந்தபின் சைக்கிளுக்கு ஒரு முழு ஓவராயில் செய்துவிடுங்கள். கழுத்துக் கப், பால்ரஸ், பெடல் மாட்டியிருக்கும் கிராங்க், பின் சக்கரம் எல்லாவற்றுக்கும் புது கிரீஸ். பிரேக் கட்டை, பிரேக் கேபிள் புதிது. டயர் வெடித்திருந்தால் அதுவும். ஆயிரம் ரூபாய்க்குமேல் ஆகலாம். இதைச் செய்யாமல் மோட்டார் போடுவது, ஒழுகும் கூரைக்கு ஏசி மாட்டுவது போல.

சக்கரத்தை மாட்டுவது

இங்கே நிதானம் வேண்டும். இந்த வேலையில் ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் இதுதான்.

மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது, அதன் அச்சு அதே வலுவோடு பின்னால் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அச்சின் சீவிய பட்டையும் ஃபோர்க்கின் பிளவும் மட்டும்தான். 30 நியூட்டன்-மீட்டர் திருகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. பட்டையில் அது ஏறக்குறைய 300 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். சில மி.மீ. தடிமனுள்ள தகட்டின் ஓரம் அதைத் தாங்க வேண்டும். நான் பிளவை ராவும்போது ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் ராவிவிட்டேன். மாட்டியபோது லேசாக ஆடியது, நட்டை இறுக்கினால் போதும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் மேம்பாலம் ஏறும்போது அச்சு பிளவுக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றியது. மோட்டார் வயர் கயிறு போல முறுக்கி அறுந்தது. சக்கரம் கழன்று விழாதது என் அதிர்ஷ்டம்.

இதற்கு மருந்து டார்க் ஆர்ம் என்ற தகடு. ஒரு முனை அச்சின் பட்டையில் இறுக்கமாக உட்காரும், மறுமுனையை ஃபோர்க் காலில் கிளாம்ப் போட்டுக் கட்ட வேண்டும். 10 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அதே 300 கிலோ 30 கிலோவாகிவிடும். பல கிட்டுகளில் இது இருக்காது. தனியாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் லேத்தில் 5 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டித் தரச் சொல்லுங்கள். இது இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

மாட்டும் வரிசை: ஃபோர்க்கின் உள்பக்கம் தட்டை வாஷர், வெளிப்பக்கம் நாக்கு வாஷர், பிறகு டார்க் ஆர்ம், கடைசியில் நட்டு. நாக்கு வாஷரின் நாக்கு பிளவுக்குள் அல்லது பக்கத்து ஓட்டைக்குள் உட்கார வேண்டும். அச்சு பிளவின் அடிவரை போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். வாஷர் ஃபோர்க்கின் உதட்டில் சாய்வாக நின்றால் நட்டு இறுகியது போலக் காட்டி ஏமாற்றும். ராவி எடுக்கும்போது மேல்நோக்கி ஆழம் கூட்டாமல், இரு பக்கமும் சமமாக, கொஞ்சம் ராவி ஒருமுறை வைத்துப் பார்த்து, மறுபடி ராவுங்கள். அச்சு கையால் அழுத்தித்தான் நுழைய வேண்டும். மோட்டாரின் மேல் அம்புக்குறி இருக்கும், அது ஓடும் திசை. வயர் வெளியே வரும் இடம் கீழ்நோக்கி இருக்கட்டும். வயர் கொஞ்சம் தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறினால், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது.

வயர் வேலை

கன்ட்ரோலர் என்பது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருந்து மோட்டாரை இயக்கும் ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. சீட்டுக்கு அடியிலோ கேரியரிலோ, வயர் வரும் முகம் கீழே இருக்கும்படி மாட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டுகிறவர்கள் உண்டு. அது சூட்டை வெளியே விடாது.

மோட்டாரிலிருந்து வருவது பெரும்பாலும் எட்டு வயர். தடித்த மூன்று, பெரும்பாலும் மஞ்சள், பச்சை, நீலம்: மோட்டாருக்கு சக்தி கொண்டுபோகிறவை. மெல்லிய ஐந்து: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு நெகட்டிவ், மீதி மூன்றும் சக்கரம் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார்கள். ஒரே கம்பெனி கிட் என்றால் பிளக்குகள் ஒன்றுக்கொன்று பொருந்தும், நிறத்துக்கு நிறம் சேர்த்தால் போதும். வெவ்வேறு இடத்தில் வாங்கியிருந்தால் நிறத்தை நம்ப முடியாது. பல கன்ட்ரோலர்களில் தானே கற்றுக்கொள்ளும் இரட்டை வயர் ஒன்று இருக்கும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி அதை இணைத்து ஆன் செய்தால் மோட்டார் தானே சுற்றிச் சரியான வரிசையைப் பிடித்துக்கொள்ளும். கியர் ஹப் தலைகீழாகச் சுற்றினால் உள்ளே உறுமும், சக்கரம் நகராது. கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், கிளட்ச் வழுக்குகிறது. அந்த இரட்டை வயரை மறுபடி இணைத்தால் திசை மாறும்.

ஹேண்டில்பாரில் வலதுபக்கம் திராட்டில், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி. முறுக்கும் வகையைவிடக் கட்டைவிரலால் தள்ளும் வகை நல்லது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது தெரியாமல் முறுக்கி, சைக்கிள் பாய்ந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பிரேக் லீவரையும் கட்-ஆஃப் லீவராக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள். நீங்கள் மிதிப்பதைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் பெடல் சென்சாருக்கு, கிராங்க் அச்சில் உட்காரும் காந்த வளையம் ஒன்று உண்டு. காட்டர் பின் (கிராங்க்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு) போட்ட பழைய கிராங்க்கைக் கழற்றச் சுத்தியல் வேண்டும். அதற்குப் பதில் இரண்டாகப் பிரியும் வளையம் கிடைக்கிறது, அதை வாங்கினால் கிராங்க்கைத் தொடவே வேண்டாம்.

பேட்டரியின் பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு ஒட்டியே 20 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். பேட்டரியை ஃபிரேமின் நடு முக்கோணத்தில் மாட்டினால் ஓட்டம் நன்றாக இருக்கும். கேரியரில் என்றால் ஆட்டம் இல்லாமல் கட்டுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, எந்த வயரும் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். பேட்டரி கடைசியில். செருகும்போது சின்னதாக ஒரு பொறி தட்டும், அது கன்ட்ரோலரில் இருக்கும் கெபாசிட்டர் நிறைவதால் வருவது.

ஓட விட்டுப் பார்ப்பது

முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள். திராட்டிலை மெல்லத் தள்ளுங்கள். சுற்றும்போதே இடது பிரேக், பிறகு வலது பிரேக். இரண்டிலும் மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தெருவில் இறக்காதீர்கள்.

சுற்றவே இல்லையா? முந்நூறு நானூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். முதலில் கன்ட்ரோலருக்கு 36 வோல்ட்டுக்குமேல் வருகிறதா பாருங்கள். வந்தால் திராட்டிலின் சிவப்பு, கறுப்பு நடுவே 5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அடுத்து சிக்னல் வயர்: சும்மா இருக்கும்போது 1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே, முழுக்கத் தள்ளினால் 3.5 வோல்ட்டுக்கு மேலே. அதுவும் சரி என்றால் பிரேக் லீவர் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள், கட்-ஆஃப் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். திக்கித் திக்கிச் சுற்றினால் பெரும்பாலும் ஹால் பிளக்கில் ஒரு பின் பின்னால் தள்ளியிருக்கும்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி மட்டும். திரும்பி வந்ததும் அச்சு நட்டைத் தொட்டுப் பாருங்கள், 10 கிலோமீட்டரில் மறுபடி, 50-இல் ஸ்போக்குகளோடு சேர்த்து மறுபடி. புது ஸ்போக்குகள் உட்காரும்போது தளரும்.

மழையும் சார்ஜும்

மழையில் ஓட்டலாம். முழங்கால் தண்ணீரில் இறக்கக் கூடாது. அச்சு முழுகினால் வயர் வரும் ஓட்டை வழியாகவே உள்ளே போய்விடும். வாட்டர் சர்வீஸ் விடுவதும் அதே காரணத்தால் கூடாது, ஈரத் துணியால் துடையுங்கள்.

ஓட்டி வந்த சூட்டில் சார்ஜ் போடாதீர்கள். அரை மணி ஆறட்டும். இரவு தூங்கும்போது சார்ஜ் போடுவதும், வெளியே ஓட இருக்கும் ஒரே வாசலுக்குப் பக்கத்தில் போடுவதும் வேண்டாம். சித்திரை வெயிலில் பேட்டரியோடு சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், கழற்றி நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஒரு மாதம் ஊருக்குப் போவதானால் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, பஞ்சர். மோட்டார் சக்கரத்தைக் கழற்றாமல், டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே இழுத்தே ஒட்டிவிடலாம். கடைக்காரர் பழக்கத்தில் நேராக நட்டில் ஸ்பேனர் வைக்கப் போவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் சாதா சைக்கிள் ஸ்பேனர் சேராது. பெரும்பாலும் 18 மி.மீ. தேவைப்படும். உங்கள் நட்டில் போட்டுப் பார்த்து ஒன்று வாங்கி, சீட்டுக்கு அடியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.